மைக்கேலாஞ்சலோவே செய்தாரே என்கிறார் வியாபாரி

கேள்வி: பழைய ஓவியர்களின் பாணியில் வரைவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் வியாபாரி, நூறு வருடங்களுக்கும் முன்னால் இறந்த ஓர் ஓவியரின் பாணியில் மூன்று கோட்டோவியங்கள் வரைந்து தரச் சொல்லி வாங்கிப் போனார். போன மாதம் அவற்றில் ஒன்றை ஓர் ஏலப் பட்டியலில், அந்த ஓவியரின் பெயரோடு பார்த்தேன். கேட்டதற்கு, "நான் யார் பெயரையும் சொல்லி விற்கவில்லை, வாங்கியவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள்" என்கிறார். இப்போது ஒரு பழைய கேன்வாஸை என் அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் மேல் இருக்கும் மங்கிய படத்தைச் சுரண்டிவிட்டு, அதே ஓவியரின் பாணியில் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று வேண்டுமாம். கையெழுத்து வேண்டாம், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். என் சொந்தப் படங்கள் ஐந்து வருடத்தில் இரண்டுதான் விற்றிருக்கின்றன. நான் தயங்கினால், மைக்கேலாஞ்சலோவே இப்படித்தான் ஆரம்பித்தார் என்கிறார். அது உண்மையா? இதில் அப்படி என்ன தவறு? கண்டுபிடித்துவிடுவார்களா?

பதில்: முதலில் அந்தக் கேன்வாஸைத் தொடாதீர்கள். மங்கிய படமாக இருந்தாலும் யாரோ ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படம் அது. பழைய ஓவியங்களைச் செப்பனிடுவதே என் தொழில் என்பதால், "சுரண்டிவிட்டு" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லிலேயே மனம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

சரி, மைக்கேலாஞ்சலோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வியாபாரி சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியை அவர் சொல்லமாட்டார், ஏனென்றால் அதில் அவரைப் போன்ற ஒருவர் வருகிறார்.

மைக்கேலாஞ்சலோவைப் பதின்ம வயதில் தன் வீட்டில் வைத்து ஆதரித்தவர், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைத் தன் கையில் வைத்திருந்த லொரென்சோ மெதிச்சி. அவர் 1492இல் இறந்துபோனார். 1494இல் அந்தக் குடும்பத்தையே ஃபுளோரன்ஸிலிருந்து துரத்திவிட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே ஊரைவிட்டுக் கிளம்பிய மைக்கேலாஞ்சலோ வெனிஸ், பொலோஞ்ஞா என்று சுற்றிவிட்டு 1495இல் திரும்பி வந்தபோது அவருக்கு வயது இருபது, கையில் அபாரமான திறமை, ஆதரிக்கத்தான் பழையபடி ஆள் இல்லை. உங்கள் நிலைமைக்கு ரொம்பத் தள்ளி இல்லை, கவனியுங்கள். அந்தச் சமயத்தில் காதல் கடவுள் க்யூபிட் குழந்தையாகத் தூங்குவதுபோல் பளிங்கில் ஒரு சிலை செதுக்கினார். அதைப் பார்த்த இன்னொரு லொரென்சோ, மெதிச்சி குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த லொரென்சோ தி பியர்ஃபிரான்செஸ்கோ, இதை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது மாதிரி ஆக்கிக் கொடுத்தால் ரோமுக்கு அனுப்பலாம், பழங்காலச் சிலை என்று நல்ல விலைக்குப் போகும் என்று யோசனை சொன்னாராம். மைக்கேலாஞ்சலோவும் அப்படியே செய்தார். இதை எதிரிகள் யாரும் கிளப்பிவிடவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1553இல், அவருடைய சீடர் கொந்திவி எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

ரோமில் அதை விற்றவர் பால்தசாரே என்ற வியாபாரி. வாங்கியவர் கார்டினல் ரஃபேலே ரியாரியோ, பழங்காலச் சிலைகள் மேல் பெரும் பித்துக் கொண்டவர். விலை 200 டுகாட், அன்றைய தங்க நாணயம். ஃபுளோரன்ஸுக்கு பால்தசாரே என்ன எழுதினார் தெரியுமா? முப்பதுதான் கிடைத்தது, அதை மைக்கேலாஞ்சலோவிடம் கொடுத்துவிடுங்கள் என்று. இருநூறில் முப்பது. சிலையைச் செதுக்கியவர், மண் பூசியவர், பிடிபட்டால் பெயர் கெடப் போகிறவர், எல்லாம் ஒரே ஆள், அவருக்கு ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட மோசம், அவர் ஏமாற்றப்பட்டது அவருக்கே தெரியாது. பொய்ச் சரக்கு விற்கும் இடத்தில் உண்மையான விலையை யாரிடம் போய்க் கேட்பது?

கார்டினலுக்கு எப்படியோ சந்தேகம் வந்தது. ஃபுளோரன்ஸுக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் சிற்பி தேடுவதாகச் சொல்லிக்கொண்டு மைக்கேலாஞ்சலோவிடம் வந்து, உன் வேலை ஏதாவது காட்டு என்று கேட்டிருக்கிறார். காட்டக் கையில் எதுவும் இல்லை. பேனாவை எடுத்து அங்கேயே ஒரு கையை வரைந்து காட்டினாராம், வந்தவர் அசந்துபோனார் என்று கொந்திவி எழுதுகிறார். இதற்கு முன் சிலை ஏதும் செய்திருக்கிறாயா என்ற கேள்விக்கு, செய்திருக்கிறேன், தூங்கும் க்யூபிட் ஒன்று, இப்படி இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அந்த 200 டுகாட் கணக்கும் அவருக்குத் தெரியவந்தது.

1496 ஜூன் 25ஆம் தேதி மைக்கேலாஞ்சலோ ரோமுக்கு வந்து சேர்கிறார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 2ஆம் தேதி, யோசனை சொன்ன அதே லொரென்சோவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவருடைய கடிதங்களில் கிடைத்திருப்பவற்றிலேயே மிகப் பழையது அது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மனதைத் தொடும் இடம் அதுதான். பால்தசாரேயிடம் போய், பணத்தைத் திருப்பித் தருகிறேன், என் குழந்தையைக் கொடுத்துவிடு என்று கேட்டிருக்கிறார். சிலையைக் குழந்தை என்றேதான் எழுதுகிறார். வியாபாரி கடுகடுப்பாக, நூறு துண்டாக உடைத்துப் போட்டாலும் போடுவேன், தரமாட்டேன், நான் காசு கொடுத்து வாங்கியது, என்னுடையது, அதற்குக் கடிதங்கள் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் வியாபாரியிடம் போய் அந்த மூன்று கோட்டோவியங்களைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இதே பதில்தான் வரும்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் அவர் உங்களிடம் சொல்லாத பாதி. ரியாரியோ வியாபாரியிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் மைக்கேலாஞ்சலோவை விரட்டவில்லை. மைக்கேலாஞ்சலோ அவருக்காக மதுக் கடவுள் பாக்கஸின் சிலையைச் செய்தார், அது கார்டினலுக்குப் பிடிக்கவில்லை, யாக்கபோ கல்லி என்ற வங்கியாளரின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கல்லிதான் 1498 ஆகஸ்ட் 27இல் ஒரு பிரெஞ்சுக் கார்டினலோடு போட்ட ஒப்பந்தத்தில் மைக்கேலாஞ்சலோவுக்காக ஜாமீன் நின்றார். விலை 450 டுகாட். ரோமில் இன்று இருக்கும் பளிங்கு வேலைகளிலேயே அழகானதாக இருக்கும், வாழும் எந்தக் கலைஞரும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று எழுத்தில் உறுதி கொடுத்தார். அந்த வேலைதான் பியத்தா. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாளின் மார்பின் குறுக்கே ஓடும் பட்டையில் "ஃபுளோரன்ஸ்காரன் மைக்கேலாஞ்சலோ புவனரோத்தி செய்தது" என்று லத்தீனில் வெட்டியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அவர் பெயர் வெட்டிய வேலை அது ஒன்றுதான். அதைச் செய்தவர் வேறொரு சிற்பி என்று யாரோ பேசியதைக் கேட்டு, ராத்திரி விளக்கோடு போய் வெட்டினார் என்று, அந்தக் காலக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி ஒரு கதை சொல்கிறார். அது நடந்ததோ இல்லையோ, மூன்று வருடத்துக்கு முன் தன் சிலைக்கு மண் பூசித் தன் பெயரை மறைத்த அதே கை இப்போது பளிங்கில் பெயரை வெட்டுகிறது. நான் அந்தப் பட்டையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தக் க்யூபிட்டும் கூடவே நினைவுக்கு வரும்.

அந்தச் சிலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பல கை மாறி, 1502இல் மாந்துவா நகரை ஆண்டவரின் மனைவி இசபெல்லா தெஸ்தேயிடம் போனது. அது பழங்காலச் சிலை இல்லை, மைக்கேலாஞ்சலோவுடையது என்று தெரிந்தேதான் அவர் ஆசைப்பட்டுக் கேட்டுப் பெற்றார். அப்புறம் மாந்துவா சேகரிப்பு இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்கப்பட்டபோது லண்டன் போயிற்று. 1698இல் வைட்ஹால் அரண்மனை எரிந்தபோது அதுவும் அழிந்திருக்கலாம் என்கிறார்கள். பொய்யாக விற்கப்பட்டதன் மதிப்பு, செய்தவரின் உண்மைப் பெயர் தெரிந்த பிறகுதான் கூடியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வியாபாரி அடுத்து இதைத்தான் எடுப்பார். பழைய ஓவியர்களின் தாள்களை இரவல் வாங்கி, அச்சு அசலாக நகல் எடுத்து, புகை காட்டிப் பழசாக்கி, நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசலை மைக்கேலாஞ்சலோ வைத்துக்கொள்வார் என்றும் வசாரி எழுதியிருக்கிறார். பெரிய கலைஞர் செய்தார் என்பதால் அது நல்ல காரியம் ஆகிவிடாது. அவர் மைக்கேலாஞ்சலோ ஆனது அந்தத் தாள்களால் இல்லை.

எல்லாருக்கும் அப்படித் திரும்பிவர வழி கிடைப்பதில்லை. ஜொவான்னி பாஸ்தியானினி என்ற ஃபுளோரன்ஸ் சிற்பியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு, அதுவே அவர் கதையில் பாதி. 1860களில் ஃப்ரெப்பா என்ற வியாபாரிக்காக, புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரை எதிரே உட்காரவைத்து, மறுமலர்ச்சிக் காலக் கவிஞர் பெனிவியேனியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் சுடுமண்ணில் செய்தார். கூலி 350 பிராங்க். 1866இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் அதை 13,000 பிராங்குக்கும் மேல் கொடுத்து வாங்கியது, பழைய மேதை ஒருவருடைய வேலை என்று. அடுத்த வருடம் உண்மை வெளியே வந்தபோது, நான்தான் செய்தேன் என்று பாஸ்தியானினி சொன்னதை நிபுணர்கள் நம்ப மறுத்தார்கள்! இந்தக் காலத்து ஆளால் இப்படிச் செய்யவே முடியாதாம். தன் கையால் செய்ததைத் தன்னுடையது என்று நிரூபிக்க அவர் போராட வேண்டியிருந்தது. 1868இல், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். உங்கள் ஓவியத்தின் கீழே இன்னொருவர் பெயர் போட்டிருந்த அந்த ஏலப் பட்டியலைப் பார்த்தபோது உங்களுக்குள் என்ன தோன்றியது என்று நீங்கள் எழுதவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கும். பாஸ்தியானினிக்கும் முதலில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்.

பணம் பார்த்த போலி ஓவியர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நெதர்லாந்தின் ஹான் வான் மேகெரென் 1937இல், பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் பெயரில் விற்ற ஓவியத்தை ரோட்டர்டாம் அருங்காட்சியகத்துக்காக 5 லட்சம் கில்டருக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். 1945இல், வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போகவிட்டார் என்று நாட்டுத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானபோது, அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நிரூபிக்கக் காவலர்கள் முன்னால் இன்னொன்று வரைந்து காட்டினார். 1947 நவம்பரில் ஒரு வருடச் சிறைத் தண்டனை, டிசம்பர் முடிவதற்குள் மரணம். அவருடைய சொந்த ஓவியம் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று இன்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். உடனே கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் படம் இருக்கும்வரை பரிசோதனையும் இருக்கும், வருடா வருடம் கருவிகள் கூர்மையாகிக்கொண்டே போகும், படமோ மாறாமல் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி 1914இல் வரைந்தது என்று சொல்லி விற்ற ஒரு படம் 2006இல் ஏலத்தில் 28 லட்சம் யூரோவைத் தாண்டியது. அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்த நிறமி 1914இல் ஓவியர்கள் கைக்கு வரவே இல்லை. கடையில் வாங்கிய குழாய்ப் பெயின்ட்டில் அது கலந்திருந்தது அவருக்குத் தெரியாது. 2011இல் ஆறு வருடச் சிறை. நீங்கள் சுரண்டப்போகும் பழைய படமும் முழுசாகப் போகாது, ஈய வெள்ளை இருந்த இடமெல்லாம் எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும். எண்ணெய்ப் பூச்சு உள்ளே முழுவதும் இறுக எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும், வான் மேகெரென் அதற்காகத்தான் செயற்கைப் பிசினைக் கலந்து அடுப்பில் வைத்துச் சுட்டார், கடைசியில் அந்தப் பிசினே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. எப்படித் தப்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் "என்ன தவறு" என்ற உங்கள் கேள்விக்கு வேதியியலில் பதில் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரு நிலக்காட்சி ஓவியத்தைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது, வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே ஓவியம். மஞ்சளேறிய வார்னிஷ் எப்படிக் கரைகிறது என்று பார்க்க ஒரு மூலையில் கரைப்பான் தொட்ட பஞ்சுக்குச்சியை வைத்தேன். ஓவியரின் கையெழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. பழைய வார்னிஷுக்கு மேல் பிற்பாடு யாரோ போட்டது. அதை அவரிடம் சொல்ல இரண்டு நாள் எனக்கு வாய் வரவில்லை. சொன்ன பிறகு அவர் கோபப்படவில்லை, "ஆனாலும் அழகான படம்தானே?" என்று மட்டும் கேட்டார். அழகான படம்தான். அதை நல்லபடியாக வரைந்த யாரோ ஒருவருடைய உண்மையான பெயர் எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் மூன்று தாள்களில் ஒன்று இப்போது அந்த மாதிரி ஒருவர் வீட்டுச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு, அந்த இறந்துபோன ஓவியரைப் பற்றி நாளைக்குப் படிக்கும் மாணவர் உங்கள் கோட்டை அவருடைய கோடு என்று நினைத்துக் கற்றுக்கொள்வார். அவரோ வந்து மறுத்துப் பேச முடியாதவர்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்தவர் பாணியில் வரைவதும், பதிப்புரிமை காலாவதியான ஓவியத்தை நகல் எடுப்பதும் பொதுவாகக் குற்றம் இல்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு அதை அசல் என்று விற்பதும், அப்படி விற்கப்படும் என்று தெரிந்தே செய்து கொடுப்பதும்தான் குற்றம். முதல் மூன்று தாள்கள் வரைந்தபோது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஏலப் பட்டியலைப் பார்த்துவிட்ட பிறகு அப்படிச் சொல்ல முடியாது, இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வியாபாரியோடு நடந்த செய்திப் பரிமாற்றம், பணம் வந்த கணக்கு, வரைந்தபோது எடுத்த புகைப்படங்கள், முன்வரைவுகள், எதையும் அழிக்காதீர்கள். பால்தசாரே கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார், உங்கள் ஆளும் வைத்திருப்பார். வழக்கறிஞர் மூலமாகவே அந்த ஏல நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், ஏலம் நடப்பதற்குள் தெரிவித்தால் ஒருவருடைய பணம் மிஞ்சும். இதை நீங்களாகவே முன்வந்து செய்வதற்கும், பிடிபட்ட பிறகு செய்வதற்கும் உங்கள் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இருக்கும்.

கைத்திறமையை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் நேராக இல்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் இருக்கிறது. நகல் வரைவது கேவலமான வேலை இல்லை. லூவரில் 1793லிருந்து ஓவியர்கள் உள்ளேயே உட்கார்ந்து நகல் எடுக்கிறார்கள். நகல் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறியதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும், ஓவியரின் கையெழுத்தை வரையக் கூடாது, பின்னால் முத்திரை விழும், இவைதான் முக்கிய நிபந்தனைகள். நீங்களும் நகல் என்று சொல்லி, துணியின் பின்பக்கம் அழியாத மையில் உங்கள் பெயரும் தேதியும் எழுதி விற்கலாம். பழைய பாணியெல்லாம் விரல் நுனியில் இருக்கும் ஆள் கிடைப்பது செப்பனிடும் கூடங்களிலும் கஷ்டம். பயிற்சிக்குச் சேர வயது தாண்டவில்லை. எங்கள் வேலையில் விட்டுப்போன இடத்தை மட்டும் நிரப்புவோம், அடுத்து வருபவர் எளிதாக எடுத்துவிடக்கூடிய பெயின்ட்டில் நிரப்புவோம், எங்கே நிரப்பினோம் என்று எழுதியும் வைப்போம். அசலைப் பார்த்து அதே மாதிரி கொண்டுவரும் திறமை அத்தனையும் இதற்குத் தேவை, மறைக்கும் வேலை மட்டும் கிடையாது. வருமானம் அந்த வியாபாரி காட்டும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேன்வாஸை வழக்கறிஞரைப் பார்த்த பிறகு, அவர் சொல்லும் முறையில் திருப்பிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், மரச்சட்டத்தின் ஆணித் தடங்கள், ஒட்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதாக அவரிடம் தேதி போட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். மேலே இருக்கும் அந்த மங்கிய படத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. திருப்பிக் கொடுப்பதற்குள் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.